ஓடுகிற எஞ்சினை நம் கையாலேயே நிறுத்துவது

சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு, எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்பதை ஆரம்பத்திலேயே பழக்கிவிடுவோம். பயிற்றுநர் ஏதோ பேசிக்கொண்டே இருப்பார், சட்டென்று எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்து "எஞ்சின் போச்சு, இப்ப என்ன பண்ணுவே?" என்பார். மாணவர் வேகத்தைப் பிடித்து, வயல் தேடி, எஞ்சினை மறுபடி கிளப்பிப் பார்க்கிற படிகளைச் சொல்லுவார். திரும்பத் திரும்பச் செய்து அது கையில் படிந்துவிடும். எஞ்சின் தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிக்கொடுக்கிறோம், ஆனால் வாயளவில்தான். பயிற்சிக்காக யாரும் தீயை மூட்டிக் காட்ட முடியாதே.

அதனால் மாணவர்கள் மனதில் இரண்டும் ஒன்றாகவே பதிந்துவிடுகிறது. எஞ்சின் இல்லை, கிளைடு செய்து, அதாவது மிதந்து சறுக்கி, இறங்க வேண்டும், அவ்வளவுதானே என்று. அவ்வளவுதான் இல்லை. எஞ்சின் நின்றால் அதைத் திரும்ப ஓடவைக்கப் பார்க்க வேண்டும். தீப்பிடித்தால் நன்றாக ஓடுகிற எஞ்சினை நாமே நிறுத்த வேண்டும், அப்புறம் அதன் பக்கமே போகக்கூடாது. நின்றால் நிதானமான வேகத்தில் உயரத்தைச் சேமிக்க வேண்டும். தீ என்றால் உயரத்தைச் செலவழித்து வேகத்தைக் கூட்ட வேண்டும். நின்றால் பேட்டரி துணைக்கு இருக்கிறது. தீ என்றால் அதையும் துண்டித்துவிட வேண்டும். பழகிய கை எதைச் செய்யத் துடிக்குமோ, ஏறக்குறைய ஒவ்வொரு படியும் அதற்கு எதிராகவே இருக்கும்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன், பயிற்றுநர் வேலை. சில வருடங்களுக்கு முன் பொங்கல் முடிந்த வாரம், பாலக்கோட்டுப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு நீள்தூரப் பயிற்சிக்குப் போயிருந்தேன். அவன் அப்பா லாரி ஓட்டுநர். விமானம் செஸ்னா 172, நான்கு பேர் உட்காரலாம், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டர் வைத்த பழைய வகை எஞ்சின். எந்தப் பள்ளி, எந்த விமானம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். தெற்கேயிருந்து வந்து தர்மபுரியைத் தாண்டி, கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே மத்தூர், ஊத்தங்கரை பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். உயரம் 5,500 அடி.

இந்த உயரத்தைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டங்களின் மேல் பறப்பவர்கள் இதை மறந்தே போகிறார்கள். ஆல்டிமீட்டர் என்கிற உயரமானி காட்டுவது கடல் மட்டத்திலிருந்து. தர்மபுரி, கிருஷ்ணகிரி, மத்தூர் மேல் அது 5,500 என்று காட்டினால் காலுக்குக் கீழே சுமார் 4,000 அடிதான் இருக்கிறது. அப்படியே ஓசூர் பக்கம் திரும்பினால் தரை ஏறிக்கொண்டே வரும். ஓசூர் மேட்டு நிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி. முள் நகராமல் அதே 5,500-இல் நிற்கும், நம் கையிருப்பு மட்டும் 2,500-க்கு வந்திருக்கும். எஞ்சின் இல்லாத 172 நல்ல வேகத்தில் கிளைடு செய்தால் ஓரடி இறங்க ஒன்பதடி முன்னால் போகும். 4,000 அடியிலிருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டர். ஓசூரை அடுத்து ஒரு ஓடுதளம், சேலத்துக்கு காமலாபுரம் விமான நிலையம், இரண்டுக்கும் நடுவே நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆக, நடுவழியில் எது நடந்தாலும் வயல்தான். அதை முன்கூட்டியே ஒத்துக்கொண்டு பறக்க வேண்டும்.

முதலில் வந்தது வாசனை. பையன்தான் சொன்னான்.

"சார், பெயின்ட் கருகுற மாதிரி வாசனை."

தை மாதத்தில் இந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் ஏதாவது எரிந்துகொண்டுதான் இருக்கும். கரும்புச் சோகை கொளுத்துவார்கள், மாந்தோப்பில் சருகு கூட்டி எரிப்பார்கள், செங்கல் சூளைகள் வேறு. அந்தப் புகை நல்ல உயரம் வரை வரும். ஆனால் நாம் விநாடிக்கு ஐம்பது மீட்டருக்கு மேல் நகர்ந்துகொண்டிருக்கிறோம். வெளி வாசனை வந்த வேகத்தில் போய்விடும். மெதுவாகப் பத்து எண்ணியும் மூக்கிலேயே நின்றால் அது நம்முடையது. அன்றைக்கு நின்றது.

கருவிகளைப் பார்த்தேன். எண்ணெய் அழுத்தம் சரி, எண்ணெய் வெப்பம் சரி, சுழற்சி கொஞ்சமும் குறையவில்லை. எஞ்சின் ரொம்ப நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதுதான் மோசமான விஷயம். தீ எரிவது எஞ்சினுக்குள் இல்லை, வெளியே, கவுலிங் என்கிற மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே. குழாயிலிருந்து கசிகிற பெட்ரோல் எரிவதை எண்ணெய் மீட்டர் காட்டாது. பெரிய விமானங்களில் இருக்கிற தீ எச்சரிக்கை விளக்கோ, எஞ்சினுக்குள் மருந்து பீச்சும் உருளையோ ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்தில் கிடையாது. இருக்கையருகே ஒரு சின்ன கைத் தீயணைப்பான் உண்டு, அது எஞ்சின் பக்கம் போகவே முடியாது. நம் கண்ணும் மூக்கும்தான் அலாரம்.

நான் வலது இருக்கையில் இருந்ததால் கவுலிங்கின் வலது ஓரம் எனக்குத்தான் முதலில் பட்டது. வெள்ளைப் பெயின்ட் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாகி, பழுப்பாகி, அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. அதன் விளிம்பிலிருந்து நூல் போலப் புகை. அடுத்த கணம் கவுலிங் இடுக்கில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நாக்கு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. நிறத்தைக் கவனிப்பதில் பயன் உண்டு. பளிச்சென்ற ஆரஞ்சுச் சுடர் என்றால் பெரும்பாலும் பெட்ரோல். கன்னங்கரேலென்று அடர்ந்த புகை என்றால் எண்ணெய். பெட்ரோல் என்றால் வரத்தை அடைத்தால் தீ செத்துவிடும் என்ற நம்பிக்கை வைக்கலாம். எண்ணெய்த் தீ அப்படிச் சட்டென்று அடங்காது.

"ஐ ஹேவ் கன்ட்ரோல்", அதாவது இனி நான் ஓட்டுகிறேன், என்று சொல்லிவிட்டு மிக்ஸ்சர் குமிழைப் பிடித்தேன். சிவப்புக் குமிழ். முழுக்கப் பின்னால் இழுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவது நின்றுவிடும். ஒழுங்காக ஓடுகிற ஒரே எஞ்சினை, காலுக்குக் கீழே கல்குவாரியும் மாந்தோப்புமாக இருக்கும்போது, நாமே நிறுத்துகிறோம். கை இழுக்க மறுக்கும். இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடினால் நல்ல இடம் கிடைக்குமே என்று மனசு பேரம் பேசும். அந்த ரெண்டு நிமிஷமும் நாம் தீக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

பையன் பின்னால் ஒரு நாள் சொன்னான். "எங்கப்பா தொப்பூர் கணவாய்ல இறங்குறப்பல்லாம் எஞ்சினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல விடுறவனைத் திட்டுவாரு சார். என்ன ஆனாலும் எஞ்சின் ஓடணும்னு சொல்லியே வளர்த்தாரு. நீங்க குமிழை இழுத்ததும் எனக்கு உயிரே போச்சு." தொப்பூரில் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. சரிவில் எஞ்சின்தான் லாரிக்குப் பாதி பிரேக்.

அடுத்து ஃப்யூயல் செலக்டர், டேங்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடுகிற திருகு. 172-இல் அது இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தரையில் இருக்கும். மிக்ஸ்சர் அடைப்பது கார்புரேட்டரில். டேங்கிலிருந்து அதுவரை வரும் குழாயில் பெட்ரோல் இருந்துகொண்டேதான் இருக்கும். 172-க்கு இறக்கை மேலே, டேங்கும் மேலே, பெட்ரோல் தானாகவே கீழே இறங்கும். ஓட்டை குழாயில் இருந்தால் மிக்ஸ்சரை மட்டும் இழுத்துப் பிரயோசனம் இல்லை. செலக்டரை ஆஃப் நிலைக்குத் திருப்பினால்தான் வரத்து நிற்கும். சாவியை மட்டும் அப்போதே அணைக்கத் தேவையில்லை. பேட்டரி இல்லாமலே எஞ்சினுக்குப் பொறி தருகிற மேக்னட்டோ பொறி விட்டுக்கொண்டிருந்தால் குழாயில் மிச்சம் இருக்கிற பெட்ரோலை எஞ்சினே குடித்துத் தீர்க்கும். வெளியே கசிவதைவிட உள்ளே எரிவது மேல்.

இதைச் செய்துகொண்டே பையனிடம் "ரேடியோ நீ பாரு" என்றேன். மேடே என்கிற ஆபத்து அழைப்பு மூன்று தடவை, கால்சைன் என்கிற விமானத்தின் அழைப்புப் பெயர், எஞ்சின் தீ, மத்தூருக்கு மேற்கே, வயலில் இறங்குகிறோம், இரண்டு பேர். குரல் நடுங்கினாலும் ஒன்றும் விடாமல் சொன்னான். ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் ஆபத்துக்கான எண் 7700 வைத்தான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்தது மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கிற மாஸ்டர் சுவிட்ச், அதை அணைத்தால் ரேடியோவும் சேர்ந்து போகும். தனியாகப் பறப்பவருக்கு இவ்வளவு வாய்க்காது. அவருக்கு நான் சொல்வது இதுதான்: மிக்ஸ்சரும் செலக்டரும் முதலில், நேரம் இருந்தால் ஒரே மூச்சில் மேடே, உடனே மாஸ்டர். ரேடியோவில் நன்றாகப் பேசியதால் தீ அணைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்புறம் கேபின் ஹீட். நம்மூரில் ஹீட்டரை யார் போடுகிறார்கள் என்று அந்தக் குமிழை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் மார்கழி, தை விடியலில் குளிருக்கு இழுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் உண்டு. இந்த விமானங்களில் ஹீட்டருக்கு வரும் சூடான காற்று, புகைபோக்கியின் மஃப்ளரைச் சுற்றியிருக்கும் உறைக்குள் போய்ச் சூடாகி, எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே இருக்கிற உலோகச் சுவரில் உள்ள துளை வழியாக வருகிறது. அந்தச் சுவர் சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் சுடரைப் பதினைந்து நிமிடம் தாங்க வேண்டும் என்பது சான்றிதழ் விதி. அவ்வளவு கெட்டியான சுவரில் நாமே ஒரு சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் புகையும் கார்பன் மோனாக்சைடும் மடியில் வந்து விழும். குமிழை உள்ளே தள்ளி மூடிவிட்டு, இறக்கை அடியில் தலைக்குப் பக்கத்தில் உள்ள காற்றுக் குழாய்களைத் திறக்க வேண்டும். அது வெளிக்காற்று, எஞ்சின் பக்கம் போகாத காற்று.

இவ்வளவும் முடிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்றால், நீங்கள் மேலே உள்ள நான்கு பத்திகளைப் படித்த நேரத்தில் சின்னப் பங்குகூட இல்லை.

இனி வேகம். எஞ்சின் நின்றால் 172-ஐ 65 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டரில், கிளைடு செய்யச் சொல்கிறது கையேடு. தீ என்றால் 100 நாட். மணிக்கு 185 கிலோமீட்டர். இரண்டு இருக்கை செஸ்னா 152-க்கு இது 60, 85. உங்கள் விமானத்துக்கு என்ன எண் என்று அதன் கையேட்டில் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கணக்கு எளிது: காற்று வேகமாகப் புகுந்தால் பெட்ரோல் ஆவியும் காற்றும் பற்றிக்கொள்ளாத விகிதத்துக்குப் போய்விடும், சுடர் நிலைக்காமல் அணையும். 100-இலும் அணையாவிட்டால் இன்னும் கூட்டிப் பார்க்க வேண்டும். மூக்கைக் கீழே தள்ளியதும் முன்கண்ணாடியில் வானம் காணாமல் போய் வயலாக நிறைந்தது. 65-இல் இறங்கியிருந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். இப்போது அதில் பாதிதான். சேமித்து வைத்த உயரத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறோமே என்று வயிற்றைக் கலக்கும். செலவழிக்கத்தான் வேண்டும். எரிகிற விமானத்தில் மேலே இருந்து மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை.

சற்று நேரத்தில் புகை வெளுத்தது, அப்புறம் மெலிந்தது, ஆரஞ்சு நிறம் மறுபடி எட்டிப் பார்க்கவில்லை. மூக்கில் இருக்கிற காற்றாடி (புரொப்பெல்லர்) காற்றின் வேகத்திலேயே சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"சார், அணைஞ்சிருச்சு. ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?"

அவனைக் குறை சொல்ல மாட்டேன். எஞ்சின் நின்றால் அதைத்தான் செய் என்று நான்தானே பழக்கியிருந்தேன். ஆனால் தீ அணைந்தது பெட்ரோல் நின்றதால். ஓட்டை அப்படியேதான் இருக்கிறது, சுற்றியிருக்கிற உலோகம் கொதிக்கிறது. செலக்டரைத் திறந்தால் இரண்டாவது தடவை அணையும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

வேகத்தை மெல்ல 70-க்குக் குறைத்து இடம் பார்த்தோம். எங்கள் பக்கத்து நிலத்தை மேலேயிருந்து பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு. மாந்தோப்பு பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி சமமாகத் தெரியும். கீழே வரிசையாக அடிமரங்கள். வற்றிய ஏரி பெரிய மைதானம் போல இருக்கும். உள்ளே வண்டல் எடுத்த குழிகளும் சீமைக் கருவேலமும். தேசிய நெடுஞ்சாலை நேராக, அகலமாக, ஓடுதளம் மாதிரியே கூப்பிடும். லாரி, நடுத்தடுப்பு, விளக்குக் கம்பம், குறுக்கே பெயர்ப்பலகை. அதில் இறங்கினால் நம்மோடு நாலு பேரையும் சேர்த்துக் கொல்வோம். மின்கம்பியை மேலேயிருந்து பார்க்கவே முடியாது, கம்பத்தைத்தான் தேட வேண்டும். கம்பம் தெரிந்தால் கம்பி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கிணற்று மோட்டாருக்கும் ஒரு லைன் போகும்.

நான் தேடியது கேழ்வரகு அறுத்த வயல். தை மாதத்தில் அது காலியாக, தாள் மட்டும் நின்று, காய்ந்து கெட்டியாக இருக்கும். நிறம் வெளிர் மஞ்சள். புதிதாக உழுத நிலம் கருஞ்சிவப்பாக இருக்கும், அதில் முன்சக்கரம் புதையும். நீளமாக ஒன்று கிடைத்தது. ஒரு சூளைப் புகை மேற்கே சாய்ந்திருந்ததால் காற்று கிழக்கிலிருந்து என்று தெரிந்தது. கிழக்கு முகமாக இறங்க முடிவு செய்தேன்.

மாஸ்டர் அணைந்துவிட்டதால், மெதுவாக இறங்க உதவும் இறக்கையின் பின்மடிப்பான ஃபிளாப் இல்லை, 172-இல் அது மின்சாரத்தில் ஓடுவது. நெருப்பு அணைந்துவிட்டதே, ஒரு நிமிஷம் மாஸ்டரைப் போட்டு ஃபிளாப்பை இறக்கலாமே என்று தோன்றும். எரிந்த ஒயர்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியாமல் மின்சாரத்தைத் திறந்துவிட எனக்கு மனசில்லை. ஃபிளாப் இல்லாமல் இறங்கினால் விமானம் மிதந்துகொண்டே போகும், தரை தொடும் வேகமும் கூடுதல். உயரம் மிச்சமாக இருந்ததைப் பக்கவாட்டில் சறுக்கி இறக்கினேன்: ஒரு பக்கம் இறக்கையைச் சாய்த்து எதிர்ப்பக்கக் கால் மிதியை அழுத்துவது. மாணவர்கள் சோம்பேறித்தனமாகக் கற்றுக்கொள்கிற பாடங்களில் அதுவும் ஒன்று. வேகமானி, ஆல்டிமீட்டர் இரண்டும் காற்றழுத்தத்தில் ஓடுகிறவை, மின்சாரம் போனாலும் வேலை செய்யும். வேகம் ரொம்பக் குறைந்தால் எச்சரிக்கிற 172-இன் ஸ்டால் ஹார்னும் காற்றில் ஊதுவதுதான். ஆக, முக்கியமானதெல்லாம் கையில் இருந்தது.

கடைசியில் "கதவைத் திற" என்றேன். தரையைத் தொடும் முன் தாழ்ப்பாளை எடுத்துக் கதவைக் கொஞ்சம் விலக்கி வைத்துவிட வேண்டும். மோதலில் சட்டம் கோணிக்கொண்டால் மூடின கதவு மூடினபடியே இருந்துவிடும். சாவியையும் அப்போது அணைத்தேன். பின்சக்கரங்கள் முதலில் தொட்டன, தாள் சடசடவென்று அடித்தது, பிரேக்கை மிதித்தேன், வயல் முடிகிற இடத்தில் கல் வரப்பு ஒன்று. முன்சக்கரம் அதில் மாட்டி மடங்கியது, காற்றாடி மண்ணில் குத்தி நின்றது. இடுப்பு வார்ப்பட்டையும் தோள் வார்ப்பட்டையும் இறுக்கிப் போட்டிருந்ததால் எங்களுக்கு ஒரு சிராய்ப்புதான்.

வெளியே குதித்ததும் காற்று வரும் திசையில் ஓட வேண்டும், புகை போகும் திசையில் அல்ல. சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் பதட்டத்தில் ஆள் எந்தப் பக்கம் கதவோ அந்தப் பக்கமே ஓடுவான்.

ஆளில்லாத வயல் என்று நினைத்தோம். எங்கிருந்துதான் வந்தார்களோ, கூட்டம் கூடிவிட்டது. முதலில் வந்த பெரியவர் "ஏம்பா, உங்களுக்கு ஒன்னும் ஆவலையே?" என்று கேட்டபடி நேராக எஞ்சினைப் பார்த்து நடந்தார், விரலிடுக்கில் பீடி. "பெரியவரே, பீடியைப் போடுங்க, பெட்ரோல் ஒழுகும்!" என்று நான் கத்தியது கிருஷ்ணகிரி வரை கேட்டிருக்கும். பக்கத்துக் கிணற்றிலிருந்து ரெண்டு பேர் குடத்தில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். நல்ல மனசு. ஆனால் பெட்ரோல் தண்ணீரில் மிதந்து பரவும். "தண்ணி வேண்டாங்கண்ணா, திரும்பப் பிடிச்சா மண்ணை அள்ளிப் போடலாம்" என்றேன். ஓர் இளவட்டம் கவுலிங்கைத் திறந்து பார்க்கப் போனான். அதையும் தடுத்தோம். உள்ளே கனன்றுகொண்டிருந்தால் மூடியைத் திறப்பது காற்று ஊதிவிடுவதற்குச் சமம். கைத் தீயணைப்பானை எடுத்து வைத்துக்கொண்டு தள்ளி நின்றோம், 112-க்குப் போன் போட்டோம். தீயணைப்பு வண்டி, காவல்துறை, அப்புறம் விசாரணை என்று அன்றைய பொழுது போனது. உயிர் காக்கவோ தீ அணைக்கவோ தவிர விமானத்தை யாரும் நகர்த்தக்கூடாது என்பது விதி. அதைக் கூட்டத்துக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. எங்கள் விமானம் கெடுத்தது ஒரு முழம் வரப்பு. அடுத்த வயல் தக்காளியைச் செல்ஃபி எடுக்க வந்தவர்கள் மிதித்த மிதிக்கு அந்த வயல்கார அம்மா எங்களைத்தான் திட்டினார், நியாயம்தான்.

பின்னால் பிரித்துப் பார்த்த எஞ்சினியர் காட்டினார். புகைபோக்கிக் குழாயில் மயிரிழை விரிசல். அதிலிருந்து சூடான வாயு ஊதுகுழல் மாதிரி பக்கத்துப் பெட்ரோல் குழாயின் மேல் அடித்திருக்கிறது. தீ தாங்கும் உறை கொஞ்ச நேரம் பொறுத்திருக்கிறது, அப்புறம் உள்குழாய் விட்டுவிட்டது. இந்த மாதிரி விரிசல் தன் கையெழுத்தை விட்டுவிட்டுத்தான் போகும்: கசிகிற இடத்தைச் சுற்றி வெளிர் சாம்பல் நிறத்தில் பொடி படியும். பெட்ரோல் கசிந்தால் நீலக் கறை, ஏனென்றால் விமானப் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கிறார்கள். எண்ணெய் அளக்கும் சின்ன மூடியைத் திறக்கும்போது டார்ச் அடித்து உள்ளே பார்க்கலாம், மூக்கை வைத்து முகரலாம். விரிசல் தெரியாத இடத்தில் இருந்தால் அதுவும் உதவாது. ஆனால் பத்து விநாடி வேலை.

தரையில் கிளப்பும்போது பிடிக்கிற தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது இதைவிட அடிக்கடி நடப்பது. ஓசூர், தளி பக்கத்துக் குளிர்காலை மாதிரி நேரத்தில் எஞ்சின் எளிதில் பிடிக்காது. மாணவர், கிளப்புமுன் எஞ்சினுக்குள் பெட்ரோல் பீச்சுகிற பிரைமரை அடி அடியென்று அடிப்பார். மிச்சப் பெட்ரோல் கார்புரேட்டர் பக்கம் வழியும், எஞ்சின் ஒரு தடவை பின்னோக்கிச் சுடரைத் துப்பினால் போதும், அது பற்றிக்கொள்ளும். அப்போது ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு ஓடத்தான் தோன்றும். செய்ய வேண்டியது சுழற்றிக்கொண்டே இருப்பது. எஞ்சின் சுடரையும் பெட்ரோலையும் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பிடித்துவிட்டால் கொஞ்ச நேரம் நல்ல சுழற்சியில் ஓடவிட்டு நிறுத்திச் சோதிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் த்ராட்டிலை முழுக்கத் திறந்து, மிக்ஸ்சரை இழுத்து, சுழற்றிக்கொண்டே இருந்து, அதற்குள் வெளியே ஆள் தீயணைப்பானோடு வரட்டும். அடங்கவில்லை என்றால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இறங்க வேண்டும். வானத்தில் நிறுத்து, தரையில் சுற்று. இதையும் கை ஒத்துக்கொள்ளாது.

மின்சாரத் தீ வேறு ஜாதி. பிளாஸ்டிக், ஒயர் கருகும் வாசனை, டாஷ்போர்டு பின்னாலிருந்து வரும். அதற்கு எஞ்சினை நிறுத்தக் கூடாது. மாஸ்டரை அணைத்தாலும் மேக்னட்டோ தன் பாட்டுக்குப் பொறி விடும், எஞ்சின் ஓடும். மாஸ்டரை அணைத்து, காற்று வழிகளை மூடி, தீயணைப்பானை அடித்து, அணைந்த பிறகு காற்றோட்டம் விட்டு, பக்கத்து ஓடுதளத்துக்குப் போக வேண்டும். பவுடர் வகைத் தீயணைப்பான் என்றால் கேபின் முழுக்க வெள்ளையாகிக் கண் தெரியாது, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எது எந்தத் தீ என்று பிரித்துப் பார்க்காமல் கை குழம்பினால், ஓட வேண்டிய எஞ்சினை நிறுத்துவோம் அல்லது நிறுத்த வேண்டியதை ஓட்டுவோம்.

இப்போது நான் மாணவர்களிடம் செய்வது இது. விமானம் நின்றுகொண்டிருக்கும்போது, எஞ்சின் ஓடாத நேரத்தில், கண்ணைக் கைக்குட்டையால் கட்டிவிடுவேன். "எஞ்சின் தீ" என்றால் மிக்ஸ்சர், செலக்டர், மாஸ்டர், கேபின் ஹீட் நான்கையும் தடவிப் பார்த்து வரிசையாகத் தொட வேண்டும், தொடும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறந்தும் த்ராட்டிலைத் தொட்டால் திரும்ப முதலிலிருந்து. நடுவில் "எஞ்சின் நின்னுபோச்சு" என்று மாற்றிச் சொல்வேன், அப்போது கை வேறு வரிசைக்குத் தாவ வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் குழம்புவார்கள். ஆகாயத்தில் போகும்போது உயரத்தில் தீ இறக்கத்தையும் பழக்குகிறேன்: த்ராட்டிலைக் குறைத்து, மூக்கைத் தள்ளி, 100 நாட் பிடித்து, சாய்ந்து சுழன்று இறங்குவது. முதல் தடவை மாணவர்கள் 80-க்கு மேல் போகவே தயங்குவார்கள்.

பாலக்கோட்டுப் பையன் உரிமம் வாங்கிவிட்டான். அவன் இப்போது விமானத்தில் ஏறினதும் முதலில் பார்ப்பது தீயணைப்பானின் முள் பச்சையில் இருக்கிறதா, அது மாட்டியிருக்கிற கிளிப் ஒரே இழுப்பில் வருகிறதா என்பதைத்தான். பல விமானங்களில் அது துருப்பிடித்துக் கையோடு வராது. வராவிட்டால் பறக்க மாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிடுகிறானாம்.